பெண்டாட்டிக்கு ஒரு டிக்கெட்

“மேடம், பார்த்து இறங்குங்க. பலகை ஈரமா இருக்கு.”

என்னைப் பார்த்து இப்படிச் சொன்னவர் என் கணவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். “இந்தா”, “இங்க பாரு”, கோபம் வந்தால் “ஏய்”. எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இறங்கியவர்களுக்கெல்லாம் கைகொடுத்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவர், என் முறை வந்ததும் சுடுகிற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு நானே தாண்டி இறங்கினேன். உள்ளுக்குள் ஒரே குஷி. அவரைப் பார்த்து அவ்வளவு நாளாகியிருந்தது.

அவர் அந்தத் தீவில் கைடு. வெள்ளை மணல், பழைய கோட்டை, ஆமைகள், மான்கள், எங்கிருந்தோ பறந்து வரும் நாரைகள். பார்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் வரிசையில் நிற்கிற இடம். எனக்கு அது சக்களத்தி. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அவர் அங்கேதான், ஊழியர் குடியிருப்பில். கடல் கொந்தளித்துப் படகு நிற்கும் மாதங்களில் வீட்டுக்கு வருவார். வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். அந்த மாதங்களில் அவர் பேசுகிற பேச்சையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம்.

மற்ற மாதங்களில் போன். தீவில் படகுத்துறையின் கடைசித் தூணருகே நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன். நீங்க?” “ஆச்சு.” பிறகு காற்றுச் சத்தம். அந்தக் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஓர் இருட்டு அறையில், அவருடைய தலையணையில் தலை வைத்துப் படுத்திருப்பேன். தலையணையில் அவர் வாசனை போய் வெகுநாளாகிவிட்டது. இப்போது அடிப்பது என் எண்ணெய் வாசனைதான்.

இந்த வருஷம் ஒரு வழி திறந்தது. கரையில் படகு டிக்கெட் கொடுக்கிற கவுண்டர்காரர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று ஆபீசில் இவரைக் கேட்டிருந்தார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போனில் கேட்கும்போதெல்லாம் “பார்க்கலாம்” என்றார். கிணற்றில் போட்ட கல்லாக அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். நேரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

கிளம்புவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பணியில் இருக்கிற நாளில் கைடுகளின் குடும்பத்தார் தீவில் கால் வைக்கக்கூடாது. முன்னொரு கைடின் மச்சான் குடும்பம் பிக்னிக் வந்து, சாப்பாட்டு டப்பாவில் ஆமை முட்டைகளை அடுக்கிக்கொண்டு போனதிலிருந்து இந்தச் சட்டம். மீறினால் கைடைத் தீவை விட்டு எடுத்துக் கரை வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் நான் யாரோ மாதிரி டிக்கெட் வாங்கினேன். யாரோ மாதிரி தொப்பி போட்டேன். யாரோ மாதிரி அவருடைய குழுவிலேயே போய் நின்றுகொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக மாட்டுவார், கேட்டுவிடலாம் என்று கணக்கு.

படகில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பெரியம்மா வயதுக்காரர். ஏறினதிலிருந்து வாய் மூடவில்லை. மிதவைச் சட்டை நாறுகிறது, இருக்கை ஆடுகிறது, படகோட்டி போன் பேசுகிறான். மின்சார ஆபீசில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம். “முப்பது வருஷம் ஊர்ப் புகாரெல்லாம் வாங்கி வாங்கி என் காது செவிடாச்சு. இப்ப நான் குடுக்கற காலம்” என்றார். மனசுக்குள் அவருக்குப் புகார் அக்கா என்று பெயர் வைத்தேன்.

எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். தளர்ந்த திருகை முடுக்குவது, காது வளைவைச் சூடாக்கி நிமிர்த்துவது, மூக்கில் அழுந்துகிற பட்டையை மாற்றுவது. யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணாடிதான் தெரியும், அப்புறம்தான் ஆள். புகார் அக்காவின் ஃபிரேம் இடப்பக்கம் சரிந்து, உலகத்தையே கொஞ்சம் கோணலாகப் பார்ப்பதற்கென்று செய்தது போல இருந்தது. எனக்குக் கை நமநமவென்று அரித்தது.

கரையோரமாக எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார் என் கணவர். என்னைத் தவிர எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இவருக்கு இவ்வளவு பேச வருமா? மணலில் ஒரு கோடு கிழிந்திருந்தால், அது எந்த நண்டு, எங்கிருந்து கிளம்பி எதற்குப் பயந்து எங்கே திரும்பியது என்று துப்பறிகிற மாதிரி சொன்னார். மரத்திலிருந்த நாரையைக் காட்டி, “ஆபீஸ்ல லீவு சொல்லாம வந்துட்டார், அதான் இப்படித் தலையைக் குனிஞ்சுக்கறார்” என்றார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவர் கை எழும்பி இறங்கியது, புருவம் பேசியது, வெயிலில் கறுத்த முகம் மினுமினுத்தது. எனக்கு வயிற்றெரிச்சல். என்னிடம் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊருக்கெல்லாம் மூட்டை மூட்டையாக அள்ளி வழங்குகிறாரே.

வயிற்றெரிச்சல் மட்டும்தான் என்றால் பொய். அந்த ஆளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருந்தால், இன்றைக்கே கட்டிக்கொண்டிருப்பேன்.

கோட்டைக்குப் போகிற வழியில் பழைய தீவுக்காரர்களின் வீடு ஒன்றை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். கடலைப் பார்த்த ஒற்றைக் கதவு, உள்ளே ஒரு மரத் தொட்டில், சுவரில் சாய்த்த துடுப்புகள். அதற்கு அடுத்தாற்போல் கோட்டையில் இருந்த சிப்பாய்களின் கல்லறைகள். பெயர்களைக் காற்று தின்றுவிட்டிருந்தது. அங்கே மட்டும் அவர் குரலைத் தணித்தார்.

“இதுல படுத்திருக்கறவங்க யாரும் இங்கேயே இருக்கணும்னு வரலை. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிடலாம்னுதான் வந்தாங்க. கப்பலும் வந்துச்சு. அடுத்ததுல போகலாம்னு இருந்துட்டாங்க.”

ஒரு புதுத் தம்பதி கல்லறையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டது.

ஆமைக் குஞ்சுகளைப் பொரித்து விடுகிற கொட்டகையில்தான் அந்தச் சங்கதி நடந்தது. வலை போட்ட மணல் படுக்கைகளின் நடுவே நின்றுகொண்டு, தாய் ஆமை இரவில் சத்தமில்லாமல் கரையேறி, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்று விளக்கினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

“என் வீட்டுக்காரி என்னை ஆமைன்னுதான் திட்டுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கரையேறுவீங்க, சத்தம் காட்ட மாட்டீங்க, மணலைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டே இருப்பீங்கன்னு.”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அது நான் சொன்னதுதான். போன மழைக்காலம் முடிந்து அவர் பெட்டி கட்டிய அன்று, அழுதுகொண்டே சொன்னது. அப்போது அவர் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தார். அதை இங்கே எடுத்து வந்து தினம் தினம் கடை பரப்புகிறார். அது மட்டுமில்லை. யோசித்துப் பார்த்தால், வழியில் கிடந்த துருப்பிடித்த பீரங்கியைப் பற்றிச் சொன்ன கேலி, மான் முறைப்பதைப் பற்றிச் சொன்ன கேலி எல்லாமே என் வாயில் வந்தவை. வீட்டில் நான் பேசப் பேச உம்மென்று உட்கார்ந்திருந்தவர் ஒன்றையும் சிந்தவிடவில்லை.

“கைடு சார், ஒரு சந்தேகம்” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவேண்டியதாயிற்று. “கேளுங்க மேடம்.”

“உங்க வீட்டம்மா சொன்னதுல என்ன தப்பு?”

மறுபடி சிரிப்பு. புகார் அக்கா, “நல்லா கேளு” என்று என் முதுகில் தட்டினார்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, மணலைத் துடைத்து, திரும்ப வைத்தார். “தப்பில்ல மேடம். ஆமை எந்தக் கடல்ல சுத்தினாலும் சொந்தக் கரைக்குத்தான் வரும்னு அவங்களுக்குச் சொல்லியிருக்கணும். வாய் வரலை” என்றார். சொல்லிவிட்டு, “வாங்க, அடுத்து சாப்பாடு” என்று நடையைக் கட்டினார்.

சாப்பாட்டு இடைவேளையில் தனியாக மாட்டுவார் என்று போட்ட கணக்கு தப்பிப்போயிற்று. ஒரு பையனுக்குக் காலில் சிப்பி கிழித்துவிட்டது. மருந்துப் பெட்டி, கட்டு, அழுகை, அவனுடைய அம்மாவுக்குச் சமாதானம் என்று அவர் ஓடிக்கொண்டேயிருந்தார். நான் மரத்தடியில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையில் தோள் தையல் விட்டிருந்தது. கையில் ஊசி நூல் இருந்தால் அங்கேயே போய்த் தைத்திருப்பேன்.

வேறு வேலை இல்லாமல் புகார் அக்காவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி வைத்திருப்பேன். திருகை முடுக்கி, காது வளைவை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து நிமிர்த்தி மாட்டிவிட்டேன். அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அது நகரவில்லை. அந்த ஒரு காரியத்தில் நான் அவருக்குப் பெறாத பெண்ணாகிவிட்டேன். “தனியா வந்திருக்கியே, காலம் கெட்டுக் கிடக்கு. என் பக்கத்துலயே இரு. நான் பார்த்துக்கறேன்” என்றார். பார்த்துக்கொள்கிறவர் என்றால் அப்படியொரு பார்த்துக்கொள்கிறவரை நான் கண்டதில்லை.

மத்தியானம் கோட்டைக்குள் போனோம். வெடிமருந்துக் கிடங்குக்குப் போகிற சுரங்க வழி ஒன்று இருக்கிறது. உள்ளே விளக்கு கிடையாது. நடுவில் ஒரு திருப்பமும் சில வழுக்குப் படிகளும். அங்கே கைடு டார்ச்சோடு நின்றுகொண்டு, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கி அந்தப் பக்கம் அனுப்புவார். அதுதான் முறை. “படி, படி, இன்னொரு படி, அவ்வளவுதான்” என்கிற அவர் குரல் கல்லில் மோதி வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் போனார். நான் கையை நீட்டினேன்.

இந்த முறை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிடித்தார். படிகள் முடிந்தன. விடவில்லை. டார்ச்சைக் கீழ்நோக்கிக் காட்டிக்கொண்டு என்னோடு கூடவே நடந்தார். பின்னால் வருகிறவர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறுவது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. உள்ளங்கை உப்புக் காகிதம் மாதிரி சொரசொரவென்றிருந்தது. அந்தக் கைக்காக எத்தனை ராத்திரி ஏங்கியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

“ஏன் வந்தே?” என்றார், மூச்சுக் குரலில்.

“டிக்கெட் வாங்கித்தான் வந்தேன்.”

“சாப்பிட்டியா?”

இங்கேயும் அதேதானா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஆபீசுக்கு என்ன பதில் சொன்னீங்க? வர்றீங்களா, இல்லையா?”

பிடிதான் இறுகியது. இறுகிய பிடிக்கு வருகிறேன் என்று அர்த்தமா, விட்டுவிடு என்று அர்த்தமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் முகத்தில் அடித்தது. நாங்கள் வெளியே வந்துவிட்டிருந்தோம், கோத்த கையோடு. எங்களுக்கு நேர் பின்னால், நான் நிமிர்த்திக் கொடுத்த கண்ணாடி வழியாக, புகார் அக்கா எங்களை ஒரு கோணலும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில் படகுத்துறைக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது, நேரே தீவு அதிகாரியின் அறைக்குப் போய்விட்டார் என்று. ஓர் ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான்.

தகரக் கூரை போட்ட சின்ன அறை. மேஜையில் சிப்பிகளைக் கனத்துக்கு வைத்த காகிதங்கள், சுவரில் தீவின் வரைபடம், ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறி. அதிகாரி சின்ன வயது. கண்ணாடி புதுசு, இன்னும் மூக்குக்குப் பழகவில்லை. அடிக்கடி விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டார். புகார் அக்கா நாற்காலி நுனியில். என் கணவர் கதவோரம், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

“இந்தக் கைடு சுரங்கத்துல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடலைன்னு இந்தம்மா சொல்றாங்க. இவர் மேல இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல. ஆனா உண்மையா இருந்தா தீவை விட்டே எடுத்துடுவோம். பயப்படாம சொல்லுங்க மேடம்” என்றார் அதிகாரி.

கேட்டுக்கொண்டிருந்த வரம் காலடியில் வந்து விழுந்து கிடந்தது. அவர் என் வீட்டுக்காரர் என்று ஒரே ஒரு வாக்கியம். சட்டம் மீறியாயிற்று. தீவும் போயிற்று, மானமும் பிழைத்தது. கரை வேலை. ராத்திரி வீடு. தலையணையில் பழைய வாசனை. வாயைத் திறந்தேன் என்றால் போதும்.

திறக்கும்முன் அவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தவிர்த்த பார்வையையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்ப்பது போல, இமைக்காமல். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது என்ன கெஞ்சல் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நண்டின் தடத்தைக் காட்டிய கை, குழந்தைகளின் சிரிப்பு, மினுமினுத்த முகம். அந்த ஆளைக் கொண்டுபோய்க் கம்பிக்குப் பின்னால் உட்காரவைத்துச் சில்லறை எண்ணச் சொல்வதா? எனக்கு மனசு வரவில்லை. என் ஆசைதான் பெரிது என்று காலையில் நினைத்திருந்தேன். அவ்வளவு பெரிதில்லை போலிருக்கிறது.

“அவர் மேல தப்பில்லை சார். படி வழுக்குச்சு. நான்தான் அவர் கையைப் பிடிச்சேன். பயத்துல விடவும் இல்லை” என்றேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “அப்ப சரி. நீங்க போகலாம். படகு கிளம்பற நேரம்.”

புகார் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்காகப் பேச வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று எழுந்து போனார். சொந்தப் புருஷன் கையைப் பிடித்ததற்கு நான் கேவலமானவளாகிவிட்டேன்.

படகு ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறினபிறகு நான் கடைசியாகப் போனேன். அவர் கயிற்றை அவிழ்ப்பதற்காகத் தூணருகே குனிந்திருந்தார். நிமிராமலே பேசினார்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“உங்களைக் காப்பாத்தத்தான்.”

“யார் காப்பாத்தச் சொன்னது?” முடிச்சு அவர் கையில் அவிழவில்லை. “நீ சொல்லிடுவேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தப் படகுலயே என்னையும் ஏத்திவிட்டிருப்பாங்க.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. “அப்ப வரணும்னு இருக்கா உங்களுக்கு?”

“தினம் இந்தத் தூண்கிட்ட வந்து உன்கிட்ட பேசறேன். பேசிட்டு ஆபீசுக்குப் பேசணும்னு நம்பரையும் எடுக்கறேன். திரும்பினா இந்தத் தீவு நிக்குது. போனைப் பையில போட்டுட்டுப் போயிடறேன். இங்க நீ இல்லாம முடியல. இதை நானா உதறிட்டு வரவும் முடியல. யாராவது புடிச்சுத் தள்ளினா வந்துடுவேன். நீ தள்ளிடுவேன்னு நினைச்சேன்.”

“இதை ஏன் வாயைத் திறந்து முன்னாடியே சொல்லலை?”

“வரலையே” என்றார்.

படகோட்டி கத்தினான். முடிச்சு அவிழ்ந்தது. “மேடம், பார்த்து ஏறுங்க” என்றார் அவர், பக்கத்தில் ஆள் வந்துவிட்டதால். நான் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. எனக்கும் துறைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போயிற்று. அவர் கையசைக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கையோடு நின்றார். தையல் விட்ட தோள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் ஆளே ஒரு கோடு. அப்புறம் கோட்டை, மரங்கள். ஜனங்கள் படமெடுத்துத் தள்ளினார்கள். அவ்வளவு அழகாக இருந்தது அந்தப் பாழாய்ப்போன தீவு.

எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். நிற்கவில்லை. மிதவைச் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். எனக்கு அவர் வேண்டும். பேசுகிறவராக வேண்டாம், ஊமையாகவே கவுண்டரில் உட்காரட்டும், ஊமையாகவே வீட்டுக்கு வரட்டும். பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். இருட்டில் அந்தக் கை பக்கத்தில் இருந்தால் போதும்.

எதிர் வரிசையிலிருந்து புகார் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, படகின் ஆட்டத்துக்கு இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“எதுக்கு அழறே இப்ப?”

“அவர் என் வீட்டுக்காரர் அக்கா.”

“யாரு?”

“கைடு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டத்தையும், டிக்கெட் வாங்கியதையும், தூணையும், தள்ளினால் வருவேன் என்றதையும். கேட்டுக்கொண்டே வந்த அவர் முகத்தில் முதலில் சந்தேகம் இருந்தது. ஆமைக் கதை வந்ததும் அது போயிற்று. “அப்ப அந்தத் திட்டு நீ திட்டினதா?” என்றார். தலையாட்டினேன்.

“இரண்டு பேருக்கும் வாய் இருந்தும் பிரயோஜனமில்ல” என்றார் அக்கா. கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்தார். அதை உதறி, உள்ளங்கையில் கிறுக்கி, எழுதுகிறதா என்று பார்த்தார். “கரையில மெயின் ஆபீஸ் நாம போற வரைக்கும் திறந்துதான் இருக்கும். மூட விடமாட்டேன். இறங்கினதும் நேரா அங்கதான். எழுத்துல குடுத்துடறேன்.”

“என்னன்னு குடுப்பீங்க?”

“பணி நேரத்துல பெண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு மேடம்னு கூப்பிட்டார்னு. அந்தாளை உடனே தீவை விட்டு எடுக்கணும்னு.”

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கரை விளக்குகள் இன்னும் தூரத்தில் இருந்தன.

“நல்லா அழுத்தி எழுதுங்க அக்கா” என்றேன்.